மிஞ்சிய ஓக் தரைப்பலகை மலிவாகக் கிடைக்கிறது, மரவேலைக்கு வாங்கலாமா?

பிராம்டன்_வாசி:

வணக்கம். கனடாவில் பிராம்டனில் இருக்கிறேன். கராஜில் ஒரு சின்ன டேபிள் சா (மேசை ரம்பம்), ஒரு டிரில், நாலைந்து கிளாம்ப், ஒரு கை இழைப்புளி, இவ்வளவுதான் என் பட்டறை. இதுவரை பைன் மரத்தில்தான் பழகினேன். இப்போது வீட்டுக்கு ஒரு சாமி அலமாரி, வரவேற்பறைக்கு ஒரு தாழ்வான மேசை, பிள்ளைகளுக்குப் புத்தக அலமாரி, இதெல்லாம் நல்ல கெட்டி மரத்தில் செய்ய ஆசை. மரக்கடையில் ஓக் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன்.

கிஜிஜி விளம்பரத் தளத்தில் ஒருவர் வீட்டுக்குத் தரை போட்டு மிஞ்சிய ரெட் ஓக் பலகைகளை விற்கிறார். முக்கால் அங்குல கனம், இரண்டேகால் அங்குல அகலம், முழு மரம். பாலிஷ் போடாத கட்டுகள் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன, கூடவே கம்பெனியிலேயே பாலிஷ் போட்டு வந்த பெட்டிகளும் சில உண்டு. மொத்தம் 200 சதுர அடி இருக்குமாம், முழுவதும் எடுத்தால் சதுர அடி ஒரு டாலர் என்கிறார்.

இவ்வளவு குறுகலான பலகையை ஒட்டி மேசைக்கு மேல்பலகை செய்தால் நன்றாக இருக்குமா? ஒரு பக்கம் நாக்கு (நீட்டிய விளிம்பு), மறுபக்கம் காடி (அந்த நாக்கு நுழையும் பள்ளம்), அடியில் நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளம், இதையெல்லாம் எப்படிச் சரி செய்வது? என்னிடம் பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் பிளேனர் மெஷின் இல்லை, அது இல்லாமல் முடியுமா? பாலிஷ் போட்ட பெட்டிகளையும் சேர்த்து எடுப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


இழைப்புளி (கிச்சனர்):

பாலிஷ் போடாத கட்டுகளைத் தாராளமாக எடுங்கள். பெட்டிகளை நானாக இருந்தால் விட்டுவிடுவேன், காரணம் கீழே சொல்கிறேன்.

முதலில் விலைக் கணக்கு. மரக்கடையில் போர்டு ஃபுட் கணக்கில் விற்பார்கள், அதாவது ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குல கனம். அந்த ஓரங்குலச் சொரசொரப்பு மரத்தை இழைத்து முடித்தால் முக்கால் அங்குலம்தான் நிற்கும், தரைப்பலகையும் அதே முக்கால் அங்குலம். அதனால் ஒரு சதுர அடி தரைப்பலகையை ஒரு போர்டு ஃபுட்டுக்குப் பக்கத்தில் வைத்து விலை பார்ப்பது நியாயம்தான். ஆனால் அகலத்தில் ஒரு பிடித்தம் உண்டு. இரண்டேகால் அங்குலம் என்பது மேல்முகத்தின் அகலம், நாக்கு அதில் சேராது, ஆனால் காடி சேரும். காடியை அறுத்து எடுத்தால் கையில் மிஞ்சுவது ஒன்றே முக்காலில் இருந்து இரண்டு அங்குலத்துக்குள்தான், என் கணக்கில் ஒன்றே முக்காலுக்கு மேல் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). ஆறில் ஒரு பங்கு போயிற்று. மூன்றேகால் அங்குலப் பலகை கிடைத்தால் அதே அளவுதான் அறுபடும், ஆனால் சேதாரம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும், எனவே இரண்டும் ஒரே விலை என்றால் அகலமானதை எடுங்கள். நுனிகளிலும் நாக்கும் காடியும் இருக்கும், அதை வெட்டவேண்டும், கணு இருக்கும் இடத்தைத் தள்ளவேண்டும். எல்லாம் போக நூறு சதுர அடி வாங்கினால் எழுபத்தைந்து கையில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாலர் சொன்ன மரம் உண்மையில் ஒரு டாலர் முப்பத்துச் சொச்சம். அப்படிப் பார்த்தாலும் மலிவுதான். மரக்கடை விலையில் பாதியைத் தாண்டினால் மட்டும் யோசிப்பேன், ஏனென்றால் அந்த விலைக்கு ஆறங்குல அகலப் பலகையே வாங்கிவிடலாம்.

பிளேனர் இல்லாதவருக்குத்தான் இந்த மரம் மிகப் பெரிய உதவி என்பது என் எண்ணம். சூளையில் உலர்த்தி, ஒரே கனத்துக்கு இழைத்து, ஈரப்பதம் 6 முதல் 9 சதவீதத்துக்குள் கொண்டுவந்துதான் மில்லில் இருந்து அனுப்புகிறார்கள். சொரசொரப்பு மரம் வாங்கினால் அந்த வேலை முழுக்க நம் தலையில். அடியில் இருக்கும் பள்ளங்களை அப்படியே விட்டுவிடுங்கள், மேசையின் அடியை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள். இரண்டு பக்கமும் தெரியும் வேலை என்றால்தான் பிளேனர் வேண்டும், பள்ளம் மறையும்வரை இழைத்தால் கனம் ஐந்து நூல் அளவுக்கு இறங்கிவிடும், அலமாரித் தட்டுக்கு அதுவே போதும்.

அறுக்கும் முறை முக்கியம். பலகையைக் குப்புறப் போடுங்கள், மேல்முகம் மெஷின் மேசையில் படவேண்டும். தரையில் இடுக்கு தெரியாமல் சேரவேண்டும் என்பதற்காக அடிமுகத்தை மேல்முகத்தைவிட ஒரு மயிரிழை குறுகலாகத்தான் மில்லில் எடுத்திருப்பார்கள், அதனால் மேல்முக விளிம்பு ஃபென்ஸில் (பலகையை ஒட்டி நகர்த்தும் நேர்ச்சட்டம்) நின்றால்தான் வெட்டு நேராக வரும். காடிப் பக்கம் ஃபென்ஸில், நாக்கை முதலில் அறுத்துவிடுங்கள். எல்லாப் பலகைக்கும் நாக்கு போனபிறகு அறுத்த விளிம்பை ஃபென்ஸில் வைத்துக் காடியை எடுங்கள். நீளவாக்கில் வில்லாக வளைந்த பலகையை அப்படியே ஓட்டினால் அந்த வளைவு அப்படியே நகலாகும், அதை முதலில் குட்டைத் துண்டுகளாக வெட்டிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். பலகை குறுகல் என்பதால் கை பிளேடுக்கு மிக அருகில் போகும், தள்ளுகட்டை இல்லாமல் ஒரு பலகைகூட ஓட்டாதீர்கள், ரைவிங் நைஃபை (பிளேடுக்குப் பின்னால் வெட்டு மூடாமல் தடுக்கும் தகடு) கழற்றவும் கூடாது.

பெட்டிகள் விஷயம். கம்பெனியில் போடும் பாலிஷில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு கலந்திருக்கும், உப்புத்தாளில் இருக்கிறதே அதே பொருள். பிளேனர் கத்தியை அது தின்றுவிடும், சாண்டரில் தேய்த்தாலும் தாள்தான் தேயும். ஓரங்களில் சின்னச் சாய்வு வேறு எடுத்திருப்பார்கள், ஒட்டினால் மேலே வரி வரியாகப் பள்ளம் விழும். கட்டுகளை மட்டும் தனியாகத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.


வாணி_ஸ்கார்பரோ:

இழைப்புளி அண்ணா சொன்னதோடு சில விஷயம் சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் தரை போடும் தொழில், அதனால் இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

அறையின் அளவுக்கு மேல் ஐந்து முதல் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குவது வழக்கம், வெட்டில் போவது, கோணல் பலகை, பின்னாளில் ரிப்பேர் எல்லாவற்றுக்கும் சேர்த்து. பிரித்த கட்டுகளைக் கடைகள் பொதுவாகத் திருப்பி எடுக்காது. வீட்டுக்காரர் அதை பேஸ்மென்டில் அடுக்கி வைப்பார், வீடு விற்கும் நேரத்தில்தான் அது கண்ணில் படும், அப்போது யார் வந்து எடுத்தாலும் சந்தோஷம். அதனால் "வீடு மாறுகிறோம்" என்று போடுகிறவர்களிடம் விலை பேசலாம். வசந்தத்திலும் கோடையிலும் இந்த மாதிரி விளம்பரங்கள் அதிகம் வரும். உங்கள் பக்கத்தில் தரை போடுகிறவர் யாராவது இருந்தால் நேரில் கேட்டுவையுங்கள், குட்டைத் துண்டுகளைப் பெரும்பாலும் அவர்கள் குப்பைத் தொட்டிக்குத்தான் அனுப்புகிறார்கள், ஒன்றரை அடித் துண்டுகள் ஒரு பெட்டி நிறையச் சும்மாவே கிடைக்கும்.

ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி நடத்தும் ரீஸ்டோர் கடைகளுக்கும் போய்ப் பாருங்கள். முதல் ரீஸ்டோர் 1991இல் வினிபெக்கில் தொடங்கியது, இப்போது நம் பக்கத்திலும் பல இருக்கின்றன. கட்டுமானத்தில் மிஞ்சியதை நன்கொடையாக வாங்கி விற்கிறார்கள், பணம் வீடு கட்டும் வேலைக்குப் போகிறது. என்றைக்கு என்ன வரும் என்று சொல்லமுடியாது, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கவேண்டும்.

விற்பவர் வீட்டில் கட்டு எங்கே கிடந்தது என்று கட்டாயம் கேளுங்கள். பேஸ்மென்டில் சிமென்ட் தரைமேல் நேராகப் படுத்திருந்தால் அடிக்கட்டு ஈரத்தை இழுத்திருக்கும். கட்டின் நுனியில் கறுப்புத் திட்டு, புழுங்கல் வாடை, பலகை குறுக்குவாக்கில் கிண்ணம் மாதிரி குழிந்திருப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்தக் கட்டை ஒதுக்குங்கள். ஈரப்பத மீட்டர் விலை குறைவுதான், ஒன்றை வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள்.

பெயர்த்தெடுத்த பழைய தரை என்று விளம்பரம் வந்தால் எனக்கு அதில் விருப்பம் இல்லை, வேண்டாம் என்றே சொல்வேன். ஒவ்வொரு பலகையிலும் நாக்கின் ஓரத்தில் ஆணி உடைந்து உள்ளே நிற்கும். பழைய வீடு என்றால் பெயின்டில் ஈயம் இருக்கலாம், அடியில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தார் பசையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை வீட்டு கராஜில், பிள்ளைகள் வந்து போகும் இடத்தில் அறுப்பதா? மலிவு என்பதற்காக இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இறங்கிப் போகாதீர்கள்.

இன்னொன்று, எடை. ஓக் கனமான மரம், முக்கால் அங்குலத்தில் ஒரு சதுர அடி ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ வரும். 200 சதுர அடி என்றால் 250 கிலோ. காரில் பின் சீட்டை மடித்து ஒரேயடியாக ஏற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.


பிராம்டன்_வாசி:

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. கட்டுகளை மட்டும் தருவதாக ஒத்துக்கொண்டார், விலை அதேதான். சனிக்கிழமை போகிறேன்.

இரண்டு கேள்வி இன்னும் இருக்கிறது. ரெட் ஓக் என்று அவர் சொல்கிறார், நேரில் பார்த்து அது ரெட்டா ஒயிட்டா என்று எப்படி உறுதி செய்வது? இரண்டாவது, மேசையின் மேல்பலகை இருபது அங்குல அகலத்தில் செய்ய நினைக்கிறேன், பத்துப் பதினொரு பலகை ஒட்டவேண்டி வரும். இவ்வளவு ஒட்டு இருந்தால் பின்னால் பிளந்துவிடுமா?


டெட்ராய்ட்_மரத்தச்சன்:

ஒட்டு பிளக்காது. விளிம்பை நேராக அறுத்து, மஞ்சள் மரப்பசை போட்டு, கிளாம்பில் இறுக்கி ஒட்டினால் ஒட்டிய இடம் மரத்தைவிட உறுதியாகத்தான் நிற்கும். நீங்கள் பயப்படவேண்டியது மரம் விரிந்து சுருங்குவதைப் பற்றி. நம்மில் பலர் ஊரில் தேக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள், தேக்கு அதிகம் அசையாத மரம், அந்த நம்பிக்கையை ஓக்கில் வைக்கக்கூடாது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தட்டையாக அறுத்த ரெட் ஓக், ஈரப்பதம் ஒரு சதவீதம் மாறினால் அகலத்தில் அங்குலத்துக்கு 0.00369 அங்குலம் மாறும். டொராண்டோ பக்கமும் எங்கள் டெட்ராய்ட் பக்கமும் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீடு காய்ந்து கிடக்கும், ஆகஸ்டில் புழுங்கும், மரத்துக்குள் இருக்கும் ஈரப்பதம் இரண்டு பருவத்துக்கும் நடுவில் நான்கு சதவீதம் ஏறி இறங்குவது சாதாரணம். இருபது அங்குலத்தை நான்கால் பெருக்கி 0.00369ஆல் பெருக்கினால் 0.295, அதாவது கால் அங்குலத்துக்கும் மேல். அந்தப் பலகையைக் கீழ்ச்சட்டத்தில் நாலு பக்கமும் திருகாணி போட்டு இறுக்கினால், பிப்ரவரியில் ஒருநாள் நடுவில் விரிசல் விடும். எட்டு வடிவத்தில் சின்ன உலோகத் தகடு விற்கிறார்கள், ஃபிகர் எய்ட் கிளிப் என்று கேளுங்கள், அதை வைத்து மாட்டினால் பலகை தன் இஷ்டத்துக்கு அசையும். அல்லது மரத்திலேயே சின்னக் கொக்கிக் கட்டை செய்து சட்டத்தின் காடியில் நுழைக்கலாம். நுனியில் குறுக்குச் சட்டம் ஒட்டி அழகு செய்யும் ஆசை வரும், அதை இப்போதைக்கு விடுங்கள்.

ரெட், ஒயிட் வித்தியாசம்: நிறத்தை நம்பவேண்டாம், இரண்டும் பல சாயலில் வரும். ஒரு சிறு துண்டை எடுத்து ஒரு நுனியைத் தண்ணீரில் முக்கி மறு நுனியில் வாய் வைத்து ஊதுங்கள். ரெட் ஓக் என்றால் குமிழி வரும், அதன் துளைகள் நுனிக்கு நுனி திறந்திருக்கும். ஒயிட் ஓக்கின் வைரத்தில் (முற்றிய நடுமரத்தில்) அந்தத் துளைகளை மரமே அடைத்து வைத்திருக்கிறது, காற்று போகாது. விஸ்கி பீப்பாய் ஒயிட் ஓக்கில் செய்வது அதனால்தான். சமையலறையில் காய் நறுக்கும் பலகை செய்ய நினைத்தால் ரெட் ஓக்கை எடுக்காதீர்கள், குழம்பும் மஞ்சளும் துளைக்குள் இறங்கிவிடும், கழுவினாலும் போகாது. மேசைக்கும் அலமாரிக்கும் ரெட் ஓக்கே தாராளம், கடினத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மரத்தின் கடினத்தைக் காட்டும் ஜங்கா அளவில் ரெட் 1290, ஒயிட் 1360.

தரம் பற்றி யாரும் சொல்லவில்லை. கட்டில் கிளியர், செலக்ட், நம்பர் ஒன் காமன், நம்பர் டூ காமன் என்று ஏதாவது ஒரு முத்திரை இருக்கும். தரம் இறங்க இறங்கக் கணுவும் நிற வேறுபாடும் கூடும், பலகையின் சராசரி நீளமும் குறையும். மரவேலைக்கு வாங்குபவருக்கு நம்பர் ஒன் காமன் சரியான இடம். நாம் எப்படியும் துண்டு போடப் போகிறோம், கணு இல்லாத இரண்டடி நீளம் எத்தனை தேறும் என்று மட்டும் பாருங்கள், நாற்பது அங்குல மேசைக்குத் தேவையான நீளத்தை முதலில் எண்ணி ஒதுக்குங்கள்.

ஒரு விஷயத்தில் இழைப்புளி சொன்னதோடு எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. எல்லாவற்றுக்கும் நாக்கையும் காடியையும் அறுக்கவேண்டுமா? அலமாரியின் முதுகுப்பலகைக்கு அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பசை போடாமல் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து, ஒவ்வொரு பலகைக்கும் மேலும் கீழும் ஒரு திருகாணி மட்டும் போட்டால், பலகைகள் தனித்தனியாக விரிந்து சுருங்கும், இடுக்கும் தெரியாது. நாக்கு-காடி கண்டுபிடித்ததே அதற்காகத்தான். எடை கூடும், அதனால் தரையில் நிற்கும் அலமாரிக்குச் சரி, சுவரில் தொங்குவதற்கு வேண்டாம்.


இழைப்புளி (கிச்சனர்):

முதுகுப்பலகை யோசனை நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். அடியில் இருக்கும் பள்ளம் சுவர்ப் பக்கம் போய்விடும்.

ஒட்டும்போது ஒரு எச்சரிக்கை. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கருநீலமாகக் கறை விழும். பைப் கிளாம்பின் இரும்புக் குழாய் பசை ஈரத்தோடு பலகையில் பட்டால் மறுநாள் காலையில் கறுப்புக் கோடு இருக்கும். நடுவில் மெழுகுத்தாள் வையுங்கள். திருகாணியும் பித்தளையிலோ எவர்சில்வரிலோ போடுங்கள். பத்துப் பலகையையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள், நாலைந்து கிளாம்பில் அது அடங்காது, பசை காய்வதற்குள் பலகை மேலும் கீழுமாக வழுக்கும். மூன்று நான்காக ஒட்டி, காய்ந்தபிறகு அந்தப் பட்டிகளைச் சேர்த்து ஒட்டுங்கள்.

தூசி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். மரத்தூளை, முக்கியமாக ஓக், பீச் போன்ற கெட்டி மரங்களின் தூளை, மூக்குப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்னும் முதல் வகையில் சேர்த்திருக்கிறது. நல்ல மாஸ்க் போடுங்கள், கராஜ் கதவைத் திறந்து வையுங்கள்.


வாணி_ஸ்கார்பரோ:

சாமி அலமாரி என்று சொன்னதால் இதையும் சொல்கிறேன், எங்கள் வீட்டில் ஓக்கில்தான் செய்திருக்கிறோம். விளக்கு வைக்கும் தட்டில் ஒரு கிரானைட் துண்டோ டைலோ பதியுங்கள், எண்ணெய் சிந்தினால் ரெட் ஓக்கின் துளைக்குள் இறங்கி வட்டமாகக் கருத்துவிடும். அபிஷேகத் தண்ணீர், பூவில் இருந்து சொட்டும் தண்ணீர் எல்லாம் அதே கதைதான். சுடருக்கு மேலே தட்டு தாழ்வாக இருக்கக்கூடாது, விளக்கு இருக்கும் இடத்தில் மேல்தட்டே இல்லாமல் திறந்து விடுவது நல்லது, அல்லது விளக்குக்கு மட்டும் முன்னால் இழுக்கும் ஒரு தட்டு செய்யுங்கள். தண்ணீரும் எண்ணெயும் படுகிற இடத்துக்கு வெறும் எண்ணெய்ப் பூச்சு போதாது, பாலியூரித்தேன் மூன்று கை கொடுங்கள், ஒவ்வொரு கைக்கும் நடுவில் லேசாக உப்புத்தாள் போட்டு.


பிராம்டன்_வாசி:

கட்டுகள் வீட்டுக்கு வந்துவிட்டன. நம்பர் ஒன் காமன் என்று முத்திரை இருக்கிறது, ஊதிப் பார்த்தேன், குமிழி வந்தது, ரெட் ஓக்தான். மூன்றடிக்கு மேல் நீளமானவை மேசைக்குப் போதுமான அளவு இருக்கின்றன. மீட்டரில் 8 சதவீதம் காட்டுகிறது. ஆனால் கராஜில் ஹீட்டர் கிடையாது, அங்கேயே அடுக்கி வைக்கலாமா?


டெட்ராய்ட்_மரத்தச்சன்:

வேண்டாம், வீட்டுக்குள் கொண்டுபோங்கள். மேசை எந்த அறையில் நிற்கப் போகிறதோ அந்த அறையிலேயே ஒரு சுவர் ஓரமாக வையுங்கள். கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரே கனத்தில் குச்சி வைத்துக் காற்றுப் போகும்படி அடுக்குங்கள், அடியில் தரையில் படாமல் இரண்டு கட்டை. இரண்டு மூன்று வாரம் கழித்து மீட்டரில் மறுபடி பாருங்கள், அளவு மாறாமல் நின்றுவிட்டால் வேலையைத் தொடங்கலாம். அறுக்க மட்டும் கராஜுக்குக் கொண்டுபோய், அன்றைக்கே திரும்ப உள்ளே கொண்டுவந்துவிடுங்கள், ஒட்டுவதும் வீட்டுக்குள்ளேயே. கராஜ் குளிரில் மஞ்சள் பசை சரியாகப் பிடிக்காது, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகும். நாக்கு அறுத்த குச்சிகளைத் தூக்கி எறியவேண்டாம், அடுத்த கட்டு வாங்கும்போது நடுவில் வைத்து அடுக்க அதுவே உதவும்.